கமாரோவுக்கு வில்லுத்தகடு பார்த்த படலம்

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள மச்சான்,

 

விசயம் என்னெண்டால், பெடியன் கார் வாங்கிப்போட்டான். புதுக்கார் எண்டு அக்காவுக்குச் சொல்லிப்போடாதை, பிறகு படம் கேட்பா. இது 1967 ஆம் ஆண்டுச் செவர்லே கமாரோ. இஞ்ச உதுகளை மசில் கார் எண்டு கொண்டாடுவினம். எனக்கும் அதுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. அதுக்கு இப்பவும் உதிரிப்பாகம் கிடைக்குது, எனக்குத்தான் இல்லை.

எஞ்சின் 5.7 லீற்றர். பெரியப்பான்ர ஒஸ்டின் ஏ40 வெறும் 1.2 லீற்றர்தானே. அதில மூண்டு குடும்பமும் பொங்கல் பானையும் ஏறிக் குறிகட்டுவான் வரைக்கும் போய் வந்தனாங்கள். கமாரோவில நாலு பேர் இருக்கலாம் எண்டு கார்ப் புத்தகத்தில கிடக்கு. ஆனால் பின்சீற்றில இருக்கிறவைக்குக் கால் இருக்கக்கூடாது.

வாங்கின கார் பின்பக்கம் குந்திக்கொண்டு நிண்டுது. கீழ போய்ப் பார்த்தால், மச்சான், ஒரு பக்கத்துக்கு ஒரேயொரு வில்லுத்தகடு! கொடிகாமத்துத் தட்டிவானுக்குக் கீழ தகடு அடுக்கடுக்காய்க் கிடந்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது பெரிய அநியாயமாய்ப் பட்டுது. ஆரும் களவெடுத்துப்போட்டினமோ எண்டுதான் முதல்ல நினைச்சன். இல்லையாம், கொம்பனியே 1967 இல எல்லாக் கமாரோவுக்கும் ஒற்றைத் தகடுதான் போட்டுதாம்.

அதால வந்த வினையையும் கேள். உந்தப் பெரிய எஞ்சின் சில்லை முன்னுக்குச் சுத்தேக்க, அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கிறதும் வில்லுத்தகட்டின்ர வேலைதான். ஒற்றைத் தகடு தாங்காமல் பாம்பு மாதிரி நெளியும், பிறகு விட்டு நிமிரும், திரும்பவும் நெளியும். பின்சில்லு றோட்டில நிக்காமல் துள்ளும். அடுத்த வருசமே கொம்பனிக்கு விளங்கிப்போச்சு. 1968 இல வலுக்கூடின எஞ்சின் வைச்ச கார்களுக்குப் பல தகடு போட்டினம். அதோட துள்ளலை அமத்திறதுக்கு ஒரு சொக் அப்சோபரை அச்சுக்கு முன்னாலயும் மற்றதைப் பின்னாலயும் மாத்திப் பூட்டினவை.

இனி எங்கட படலம். பழைய காருக்கு வில்லு விக்கிற கடையொண்டுக்குப் போன் அடிச்சன். கடைக்காரன் கேள்வியாய் அடுக்கினான்: மூண்டு தகடா, நாலா, அஞ்சா? உயரம் முந்தி இருந்ததா, ஒரு இஞ்சி பதிவா, ரெண்டு இஞ்சி பதிவா? ஒரு இஞ்சி அமத்த எத்தினை இறாத்தல் வேணும்? தகட்டு முனைக் கண்ணுக்கு றப்பர் புஸ்ஸா, பொலியூரத்தேனா? ஓடுறது றோட்டிலயா, றேசிலயா? எங்கட கலியாணப் புரோக்கர்கூட சாதகத்தோட விட்டிடுவார், உவன் பொம்பிளையின்ர பாரத்தையும் கேட்கிறான்.

மகனுக்கு அஞ்சு தகடுதான் வேணுமாம், அதுவும் ரெண்டு இஞ்சி பதிவாய். றேஸ் ஓடுறவை அப்பிடித்தான் போடுவினமாம். நீ எந்த றேஸ் ஓடப்போறாய் எண்டு கேட்டன். மறுமொழி இல்லை. இஞ்ச பனிக்காலத்தில றோட்டு முழுக்க உப்புக் கொட்டுறவங்கள். அது தகட்டுக்கு இடையில பூந்தால் துருதான். அதால உந்தக் கார் வருசத்தில பாதி போர்வைக்குள்ள கிடக்கும். பனி கரைஞ்சு வெளிக்கிடேக்க றோட்டில குழி. அஞ்சு தகட்டு விறைப்பில ஒவ்வொரு குழியும் நாரியில வந்து நிக்கும். மனுசி தன்ர தீர்ப்பைச் சொல்லிப்போட்டா: "இஞ்சாருங்கோ, நான் உதில ஏறமாட்டன், எந்தத் தகடு போட்டாலும்."

ஊரில பொருளாதாரத் தடைக்காலத்தில ஏ40 இன்ர தாய்த்தகடு முறிஞ்சது ஞாபகமோ? அப்ப உந்தக் கேள்வி ஒண்டையும் ஆரும் கேட்கேல்லை. பழைய லொறித் தகட்டைக் கொல்லுப்பட்டறையில காய்ச்சி வளைச்சுப் பூட்டினது. அரைக் கரண்டி பெற்றோலில உயிர் குடுத்து மண்ணெண்ணெயில ஓட்டினனாங்கள். வளைவு ஒரு பக்கம் கூடிப்போய், ஏ40 பிறகு எந்த நேரமும் அராலிப் பக்கம் சரிஞ்சபடிதான் போனது. ஆனாலும் போனது.

கடைசியாய் என்ர சொல்தான் எடுபட்டுது, காசு என்ர எண்டபடியால். நாலு தகடு, முந்தின உயரம், றப்பர் புஸ். பொலியூரத்தேன் கனநாள் உழைக்கும் எண்டாலும் கிறீச்சிடும், கிடங்கின்ர அடியை அப்பிடியே உள்ளுக்கு அனுப்பும். ஒற்றைத் தகட்டிலயிருந்து நாலுக்கு மாறுறதால கீழ்த்தட்டும் மாத்தவேண்டி வந்துது. அதைப் பூட்டுற போல்ற்றும் புதுசுதான் போட்டனாங்கள், ஒருக்கால் இழுபட்ட போல்ற்றைத் திரும்பப் பூட்டினால் அதின்ர பிடியை நம்பேலாது. புஸ் போல்ற்றைக் காரை உயர்த்தி வைச்சு இறுக்கக் கூடாது. நிலத்தில இறக்கி, அதின்ர முழுப் பாரமும் தகட்டில விழுந்த பிறகுதான் இறுக்கவேணும். இல்லாட்டி றப்பர் முறுகி, கெதியாய்க் கிழிஞ்சிடும். இதை மகனுக்கு நான் சொல்ல, அவன் போனில தேடிப் பார்த்திட்டுத்தான் ஓம் எண்டவன்.

உனக்கு ஒண்டு தெரியுமோ? இப்ப நாங்கள் இஞ்ச அமெரிக்கத் தகட்டுக்கு அலையிறம், ஆனால் 1990களில எங்கட நாட்டுக் காலி நகரத்திலயிருந்து மொறிஸ் மைனர் உதிரிப்பாகம் இங்கிலாந்துக்கே போனது. செய்து வித்த நாட்டுக்கே நாங்கள் அனுப்பியிருக்கிறம்!

கடைசியாய் ஒரு காரியம். பெரியப்பான்ர ஏ40 ஐப் பழைய இரும்புக்குக் குடுத்திடாதை. சரியாத பக்கத்துத் தகட்டைக் கழட்டி, நூலை வளைவோட வைச்சு ரெண்டு அளவு எடு: முன்கண் நடுவிலயிருந்து சென்ரர் போல்ற் வரைக்கும், அங்கயிருந்து பின்கண் நடு வரைக்கும். தகட்டின்ர அகலம், தடிப்பு, எத்தினை தகடு எண்டதையும் எழுது. அளவு குடுத்தால் புதுசாய் அடிச்சுத் தர இஞ்ச ஆக்கள் இருக்கினம். காசு நான் பார்க்கிறன். வாற திருவிழாவுக்கு முன்னம் அனுப்பு.

இப்படிக்கு,
உன் மச்சான்