மூன்றங்குல மனிதர்களும் முனியாண்டி சாமியும்

எங்கள் ஊரின் பெயரே பறக்கும். லாயாங் லாயாங் என்றால் மலாயில் காற்றாடி. தகைவிலான் குருவிக்கும் அதே பெயர்தான். அதனாலோ என்னவோ, வானத்தில் எது பறந்தாலும் ஊரில் யாரும் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை.

1970 ஆகஸ்டில் மட்டும் கொஞ்சம் அலட்டிக்கொண்டோம். பினாங்குப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் பள்ளிக்கூடப் பையன்கள் சிலர் ஒரு குட்டி விண்கலத்தையும் அதிலிருந்து இறங்கிய மூன்றங்குல மனிதர்களையும் பார்த்ததாகப் பத்திரிகையில் வந்தது. தோட்டத்தில் காலைப் பெரட்டுக் கலைந்த பிறகு கிராணி அதை உரக்க வாசித்தார். ஆறாம் வகுப்பில் இருந்த நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அப்பாயி பால்வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"குட்டிச்சாத்தான்டா அது. இதுக்குப் போயி கப்பலு கிப்பலுன்னு..." என்றார். பக்கத்து மலாய்க் கம்பத்து மாக்சிக்குக்கோ அது கண்ணுக்குத் தெரியாமல் வாழும் ஓராங் பூனியான் என்பதில் சந்தேகமே இல்லை. இருவரும் வெற்றிலையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு புது மதம் தோன்றியிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வாய் எச்சில்தான் மிஞ்சியது.

அந்த வருடக் கடைசியில் எங்களுக்கே ஒன்று வந்தது. கித்தா மரங்களுக்கு மேலே, சத்தமில்லாமல், ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம். லயத்து வாசலில் நின்ற எங்களை அப்பாயி சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினார். "பாக்காதீங்க. சாமி வேட்டைக்குப் போவுது." மறுநாள் முனியாண்டிக்கு ஒரு சுருட்டும் கால் போத்தல் சம்சுவும் போயின. கணக்குத் தீர்ந்தது.

எனக்குத்தான் தீரவில்லை. இருபத்து மூன்று வயதில், நாலு புத்தகம் படித்த திமிரில், லயத்து மூடநம்பிக்கைகளைக் கிழித்து ஒரு கட்டுரை எழுதினேன். பத்திரிகையில் வந்தது. அப்பாயி அதைத் தங்கையை விட்டு வாசிக்கச் சொல்லி முழுக்கக் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா அந்த வெளிச்சம் என்னன்னு எழுதலையே?"

இந்தக் கேள்வியை எந்தப் பத்திரிகையாசிரியரும் என்னிடம் கேட்டதில்லை.

1997 மார்ச்சில் அமெரிக்காவில், ராஞ்சோ சாந்தா ஃபே என்ற ஊரில், ஹெவன்ஸ் கேட் குழுவைச் சேர்ந்த 39 பேர் உயிரை விட்டார்கள். ஹேல்-பாப் வால்நட்சத்திரத்தோடு வரும் கலம் தங்களை ஏற்றிக்கொள்ளும் என்று நம்பியவர்கள். அதே வால்நட்சத்திரத்தை நானும் அந்தி நேரத்தில் செம்பனைத் தோப்பு விளிம்பிலிருந்து பார்த்தேன். அழகாக இருந்தது, அவ்வளவுதான். குளுவாங்கில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு வாரம் இதே பேச்சு. எல்லோரும் ஒரே மாதிரி கறுப்புச் சப்பாத்து போட்டிருந்தார்களாம், மேலே ஊதாத் துணி போர்த்தியிருந்தார்களாம். சப்பாத்தின் கம்பெனிப் பெயர்கூட எங்கள் பியூனுக்கு மனப்பாடம். அவர்கள் எதை நம்பினார்கள், ஏன் இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று நானும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். ராபர்ட் பால்ச், டேவிட் டெய்லர் என்ற இரு சமூகவியலாளர்கள் 1975-லேயே சீடர்களைப் போல அந்தக் கூட்டத்தில் சேர்ந்து சுற்றியவர்கள். உலகத்துக் கேமராக்கள் பிணங்களைப் பார்க்க வந்து சேர்ந்தது அதற்கு 22 வருடம் கழித்து. ஓய்வு பெற்ற பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். ஆய்வாளர்கள் 'கல்ட்' என்ற சொல்லைக் கூடியவரை தொடுவதில்லை. 'புதிய சமய இயக்கம்' என்கிறார்கள். பெஞ்சமின் செல்லர் 2014-இல் ஹெவன்ஸ் கேட் பற்றி எழுதிய புத்தகம் அதை ஒரு மதமாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறது.

அதற்காக ஆய்வாளர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. 1954 டிசம்பர் 21-இல் பெருவெள்ளம் வரும், பறக்கும் தட்டு வந்து காப்பாற்றும் என்று சிகாகோவில் ஒரு பெண்மணி சொன்னார். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரின் ஆட்கள் பொய்க்கதை சொல்லி அந்தச் சிறு கூட்டத்துக்குள் நுழைந்தார்கள். வெள்ளமும் வரவில்லை, தட்டும் வரவில்லை. 1956-இல் புகழ்பெற்ற புத்தகம் மட்டும் வந்தது. உள்ளே போனவர்களே அந்தக் கூட்டத்தின் போக்கை மாற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை தொடர்கிறது. சாமியாட்டத்தை வேடிக்கை பார்க்கப் போனவனே உடுக்கையை வாங்கி அடித்த கதை.

பத்திரிகைகளின் கதை வேறு. 2002 டிசம்பரில், வானத்து மனிதர்களே நம்மைப் படைத்தார்கள் என்று நம்பும் ரேலியர்களைச் சேர்ந்த பிரிஜித் புவாசெலியே, நகலெடுத்த குழந்தை பிறந்துவிட்டதாக அறிவித்தார். குழந்தையையும் காட்டவில்லை, சோதனைக்கும் தரவில்லை. உலகமே தலைப்புச் செய்தி போட்டது. அந்த இயக்கம் பல கோடி கொடுத்தும் வாங்க முடியாத விளம்பரம்.

2005-இல் நம் நாட்டிலேயே ஆயா பின். திரெங்கானு, பெசூட்டில் 'வான அரசு' நடத்திய அரிஃபின் முகமது. அங்கே வேற்றுக்கிரகவாசி யாரும் இல்லை. ஒரு பிரம்மாண்டமான தேநீர்க் கெண்டி இருந்தது. அந்த ஆகஸ்டில் அதை இடித்துத் தள்ளினார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் 'தேநீர்க் கெண்டி கல்ட்' என்று எழுத, நாங்கள் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டே சிரித்தோம். வானிலிருந்து அன்பு பொழிவதற்கு அது அடையாளம் என்று அவர்கள் சொன்னார்களாம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோபுரத்தில் ஏறிக் குடத்தால் நீர் ஊற்றுகிறவர்கள் நாம் என்பது அந்த மேசையில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

என்னை உட்கார வைத்தது அடையாறு. பறக்கும் தட்டு மதங்களின் வேரைத் தோண்டும் ஆய்வாளர்கள் பலர் போய் நிற்கும் இடம் தியோசாபிகல் சொசைட்டி. 1882-இலிருந்து அதன் தலைமையகம் நம் அடையாறு ஆலமரத்தடி. யுகங்களுக்கு முன் வெள்ளிக் கிரகத்திலிருந்து பூமியை ஆள ஒருவர் வந்தார் என்று அந்தச் சொசைட்டியைச் சேர்ந்த லெட்பீட்டர் எழுதினார். பின்னால் 1955-இல் லண்டனில் ஈத்தீரியஸ் சொசைட்டி தொடங்கிய ஜார்ஜ் கிங்குக்கும் வெள்ளியிலிருந்துதான் குரு பேசினார். லெட்பீட்டர் சொன்னவரின் பெயர் சனத்குமாரர். சாந்தோக்கிய உபநிடதம் அவரை ஸ்கந்தன் என்கிறது. அதாவது, மலாயாவுக்குக் கப்பலேறியபோது அப்பாயி டிரங்குப் பெட்டியில் படமாகக் கொண்டு வந்த அதே முருகன். துரைமார் வாயில் விழுந்தபோது அவர் வேறு கிரகத்துக்காரர் ஆகிவிட்டார்.

இதைச் சொல்ல அப்பாயி இல்லை. கித்தாவும் இல்லை, லயமும் இல்லை, எங்கும் செம்பனை. ரயில் நிலையம் புதிதாகி மின்கம்பிகள் ஓடுகின்றன. முனியாண்டி சாலையோரத்துக்கு மாறி, ஓடு பதித்த தரையும் நிர்வாகக் குழுவுமாக முனீஸ்வரர் ஆகிவிட்டார். இப்போது சுத்த சைவம்.

போன மாதம் கும்பாபிஷேக மலருக்குத் தலவரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். அந்த ஆரஞ்சு வெளிச்சம், சுவர்ப் பக்கம் திரும்பி நின்ற நாங்கள், சுருட்டு, சம்சு எல்லாவற்றையும். திருத்தம் பார்க்க அச்சுப்படி வந்தது. அப்பாயி இருந்த பத்தியே காணோம். அந்த இடத்தில், 'முன்னொரு காலத்தில் ஐயன் ஜோதி வடிவாய்க் காட்சியளித்தார்' என்று ஒரு வரி.

குழுச் செயலாளரை அழைத்துக் கேட்டேன்.

"அண்ணே, மலரு சிங்கப்பூருக்கெல்லாம் போவுது. சுருட்டு, சம்சுன்னு போட்டா நம்மளைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"