மாமியார் வைத்த செம்பருத்தி

கேள்வி: வருஷக்கணக்காகப் பூத்த செம்பருத்தி இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கிறது. பிடுங்கிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். கூடவே கூடாது என்கிறார், அதை வைத்த மாமியார். நான் என்ன செய்ய?

– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாமியார் வைத்த செடி என்றால் ஆதாரம் இல்லாமல் கை வைக்கக் கூடாது. கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பா? இன்னும் கீழே, தூர் வரை சுரண்டிக்கொண்டே போங்கள். பச்சை எங்கே தொடங்குகிறதோ அதற்கு மேலே உள்ளதை வெட்டிவிட்டால் துளிர்க்கும்.

கணுவில் விபூதி பூசியதுபோல் வெள்ளையாக அப்பியிருந்தால் அது பக்தி அல்ல, மாவுப்பூச்சி. எறும்பும் வரிசையாக ஏறும். பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக அதற்குக் காவல் நிற்கும் கூலிப்படை அது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வாரம் ஒருமுறை சாயங்காலம் தெளியுங்கள்.

வேர் கறுத்து, கொழகொழவென்று நாறினால் கதை முடிந்தது. (பாத்திரம் கழுவும் தண்ணீர் முழுக்க அங்கேதான் போகிறதோ?) வீட்டுக்காரரிடம் கடப்பாரையைக் கொடுங்கள். அதே குழியில் புதுசு வைக்க வேண்டாம். ஆனால் கடப்பாரையைக் கொடுப்பதற்கு முன்னால், பச்சை மிச்சமிருக்கும் கிளையில் பென்சில் கனத்தில் அரையடிக் குச்சி ஒன்றை வெட்டி, வேறு தொட்டியில் ஊன்றிவிடுங்கள். பிழைத்தால் அதுவும் மாமியார் வைத்த செடிதான். நீங்கள் வைத்ததாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.