நகரும் சாளரம்: நீலகிரிச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வரையறை: எண்கள் வரிசையாக நிற்கும் ஓர் அர்ரே. அதில் அடுத்தடுத்து வரும் மூன்று எண்களின் கூட்டுத்தொகை எந்த இடத்தில் மிக அதிகம்? நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்குத் தரப்படும் கணக்கு இது. இதை மூன்றே வரியில் சொல்லி முடித்ததற்காக ஆய்வுலகம் பொறுத்தருள வேண்டும். மரபுப்படி இதற்கு ஓர் அத்தியாயம் ஆகும்.

'அடுத்தடுத்து' என்பது பற்றி: ஒரே தேயிலைக் கொழுந்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினால் துணை அர்ரே, அதாவது ஒரு சாளரம். இங்கே ஓர் இலை, நாலு செடி தள்ளி இன்னோர் இலை என்று பொறுக்கினால் இல்லை. மேஸ்திரியும் ஒப்ப மாட்டார்.

மழை: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாள் 82 செ.மீ., மறுநாள் 91 செ.மீ. கொட்டியது. இரண்டு நாள் சாளரத்தில் 173. சென்னைக்கு ஆண்டு முழுவதும் பெய்வதே சராசரியாக 140-ஐ ஒட்டித்தான். இனி, ஓராண்டில் அதிக மழை பெய்த தொடர்ச்சியான 30 நாட்களைத் தேடுவோம். 365 நாளில் 336 சாளரங்கள். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கூட்டுவோர் மீள்கூட்டல் மரபினர். அவர்களுக்கு 9,744 கூட்டல்கள். வெளியேறும் நாளைக் கழித்து, நுழையும் நாளைச் சேர்ப்போருக்கு 699 செயல்களில் வேலை முடிந்துவிடும். மிச்ச நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாததால்தான் முதல் மரபு இன்றும் செழிப்பாக இருக்கிறது (காண்க: இக்கட்டுரை, மேலே).

உறைபனி: தலைக்குந்தாவில் ஜனவரி இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதுண்டு. எல்லாச் சாளரத் தொகைகளும் அப்படியே இறங்கிவிட்டால், உச்சத்தொகையைப் பூஜ்யத்தில் தொடங்கிய மாணவரின் நிரல், புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கையில் பூஜ்யம் என்றே விடை சொல்லும். முதல் சாளரத்தின் தொகையில் தொடங்குக.

ரயில்: ஆய்வின் உயிர்நாடி இதுவே. குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி. ஆறு நிலையங்கள், மும்மூன்றாக நான்கு சாளரங்கள். குன்னூர் ஒரே சாளரத்தில் விழ, அருவங்காடு மட்டும் மூன்றில் விழுவதேன்? வெடிமருந்துத் தொழிற்சாலையின் செல்வாக்கு என்கிறது ஒரு தரப்பு. கேத்திக்கும் மூன்றுதானே என்றால், அங்கே ஊசித் தொழிற்சாலை இருப்பதைக் காட்டுகிறார்கள் (காண்க: மேலே 'மேலே' என்று காணச் சொன்ன இடம், அங்கும் காணாதோர், இவ்வாசிரியர் எழுதவிருக்கும் நூலுக்கு அவரே எழுதவிருக்கும் அணிந்துரையில் இக்கட்டுரையைப் புகழும் பத்தி, அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு). ஓரத்தில் இருப்பவை குறைவான சாளரங்களிலும் நடுவில் இருப்பவை அதிகமானவற்றிலும் விழும் என்ற விளக்கம் எல்லாருக்கும் புரிந்துவிடுவதால் கருத்தரங்குகளில் எடுபடவில்லை.

1899-இல் குன்னூரை எட்டிய பாதை, ஊட்டியைத் தொட்டது 1908-இல். அதற்கு அப்பால் தண்டவாளம் போடப்படவில்லை. கற்றுக்குட்டி நிரலாளர்கள் மட்டும் தினமும் போடுகிறார்கள். லவ்டேலில் ஐந்தாவது சாளரத்தைத் திறந்தால், லவ்டேல், ஊட்டி, பிறகு? ஜாவா சங்கிலியைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடும். சி, பக்கத்து நினைவகத்தில் கிடப்பதை நிலையமென்று படிக்கக்கூடும். பைத்தானில் துண்டு வெட்டினால் இரண்டே நிலையங்களைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மொத்த எண்ணிக்கையில் சாளர அளவைக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள், அத்தனை முறை மட்டும் சுழலுங்கள். மேற்கோள் காட்டுவதானால் இக்கட்டுரையை முழுப்பெயருடன் காட்டவும்.