மறந்துபோச்சா? கேளுங்கள்! (கேள்வி-பதில்)

நேர்காணலில் ஒரு பெயர் நினைவுக்கு வரவில்லை. 'ஐ யாம் ஃபர்கெட்டிங் த நேம்' என்றேன். கேட்டவர் முகம் மாறியது. என்ன தப்பு?
– பட்டதாரி, கரூர்

ஓடுவது, சமைப்பது போல மறப்பது நடந்துகொண்டிருக்கிற வேலை இல்லை. மறந்துவிட்டது, அவ்வளவுதான். அதனால் அந்த இடத்தில் 'இங்' ஒட்டாது. 'ஐ ஃபர்கெட் த நேம்' அல்லது 'ஐ ஹேவ் ஃபர்காட்டன் த நேம்' என்று சொல்லியிருக்கலாம். ஓயாமல் மறக்கிற வழக்கத்தைச் சொல்லும்போது 'ஐ யாம் ஆல்வேஸ் ஃபர்கெட்டிங் நேம்ஸ்' சரி.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. 'ஐ ஃபர்காட் டு லாக் த டோர்' என்றால் பூட்டவே இல்லை. உடனே வீட்டுக்கு ஓடுங்கள். 'ஐ வில் நெவர் ஃபர்கெட் லாக்கிங் தட் டோர்' என்றால் பூட்டியாயிற்று. பூட்டிய அந்த நேரம் மனதை விட்டுப் போகாது. 'டு' வந்தால் செய்யாமல் விட்ட வேலை, 'இங்' வந்தால் செய்து முடித்த வேலை. இதை மாற்றிச் சொன்னால் பொருளே தலைகீழாகிவிடும்.

இன்னொன்று: 'பஸ்ஸில் குடையை மறந்துட்டேன்' என்பது நல்ல தமிழ். ஆங்கிலத்தில் எந்த இடம் என்று சேர்த்துச் சொன்னால் வினைச்சொல்லே மாறும்: 'ஐ லெஃப்ட் மை அம்ப்ரெல்லா ஆன் த பஸ்.' இடத்தைச் சொல்லாவிட்டால் 'ஐ ஃபர்காட் மை அம்ப்ரெல்லா' போதும்.

மகள் ஒரே பாடத்தை நாலு தடவை படிக்கிறாள். பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது. மக்கா அவள்?
– ஒரு தாய், விருதுநகர்

மக்கு இல்லை. அந்தச் சொல்லை அவள் காதுபட இன்னொரு தடவை சொல்லாதீர்கள். கோளாறு படிக்கிற முறையில் இருக்கிறது.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். உங்கள் மகள் இரவில் 'எல்லாம் தெரியும்' என்று நம்பிக்கையோடு படுப்பது அந்த ஐந்து நிமிட வெற்றிதான்.

எப்போது திருப்பிப் பார்ப்பது? ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885இல் புத்தகம் போட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில் நினைவு மளமளவென்று சரிகிறது. அதன் பிறகு சரிவு மெதுவாகிறது. ஆகவே முதல் திருப்புதல் மறுநாளே இருக்கட்டும். அடுத்தது மூன்று நாள் கழித்து, அதற்கடுத்தது ஒரு வாரம் கழித்து. ஒவ்வொரு தடவையும் முதலில் வெள்ளைத்தாள், பிறகுதான் புத்தகம்.

அடுப்படிக்குள் நுழைந்ததும் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது...
– இல்லத்தரசி, பொள்ளாச்சி

கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போய் நில்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே ஞாபகம் வந்துவிடும். ஸ்காட்லாந்தில் நீர்மூழ்கு வீரர்களை வைத்து காடன், பேட்லி என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் செய்த சோதனை 1975இல் வெளிவந்தது. தண்ணீருக்கடியில் கற்ற சொற்கள் கரையைவிடத் தண்ணீருக்கடியில்தான் அதிகம் நினைவுக்கு வந்தன.

கிரிக்கெட் ஸ்கோரெல்லாம் அத்துப்படி. மனைவியின் பிறந்தநாள் மட்டும் தங்குவதில்லையே?
– வாசகர், தஞ்சாவூர்

ஸ்கோரை நண்பர்களிடம் பத்து தடவை பேசுகிறீர்கள். பிறந்தநாளைப் பற்றி வருஷத்தில் எத்தனை தடவை பேசுகிறீர்கள்? செல்போனில் நினைவூட்டல் வையுங்கள். அதை மூன்று நாள் முன்னதாக வையுங்கள். புடவை எடுக்க நேரம் வேண்டுமல்லவா!

மறதியே இல்லாத மனிதர் உண்டா?
– மாணவர், நாகர்கோவில்

ஏறக்குறைய அப்படி ஒருவர் இருந்தார். ரஷ்யாவின் ஷெரெஷெவ்ஸ்கி. லூரியா என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் அவரைக் கவனித்துப் புத்தகமே எழுதினார். நீண்ட பட்டியல்களைப் பல வருஷம் கழித்தும் அப்படியே ஒப்பித்தவர், வேண்டாததை மறக்க முடியாமல் தவித்தார். மறப்பதற்காக அதைக் காகிதத்தில் எழுதி எரித்துக்கூடப் பார்த்தார். எதை மறந்தாலும் அழுகிற நாம் கொஞ்சம் அவரையும் நினைக்கலாம்.

பாட்டிக்குக் காலையில் சாப்பிட்டது நினைவில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஆனால் மல்லிகையைக் கொடுத்தால் நெருக்கமாகச் சரம் கட்டுகிறார். நடிக்கிறாரோ என்று வீட்டில் சந்தேகம்.
– பேத்தி, மதுரை

நடிப்பே இல்லை. சாப்பிட்டதை நினைவில் வைப்பது வேறு, கை பழகிய வேலை வேறு; மூளை இரண்டையும் ஒரே வழியில் காப்பதில்லை. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. ஆராய்ச்சியாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரைகிற பயிற்சியை அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால், ஒவ்வொரு நாளும் 'இதை நான் செய்ததே இல்லை' என்றுதான் நினைத்தார். பாட்டியின் விரல்களுக்கும் அப்படி ஒரு தனி நினைவு இருக்கிறது. பூவும் நாரும் தினமும் கொடுங்கள். கேட்டதையே கேட்டால் முதல் தடவை போலவே பதில் சொல்லுங்கள். 'இப்பத்தானே சொன்னேன்' என்பது அவரைக் காயப்படுத்துமே தவிர நினைவைத் தராது.

ஆனால் 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றைக் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு. நரம்பியல் மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ பாருங்கள். மறதி எப்போது தொடங்கியது, தெரிந்த தெருவிலேயே வழி தவறினாரா என்பதையெல்லாம் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டி சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, கூடவே எடுத்துப் போங்கள்.