திருப்பம் தரும் வாரம்

1492-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. இந்தியாவைத் தேடிக் கப்பலேறிய கொலம்பஸ், வழி தவறி வேறெங்கோ போய் இறங்கினார். அதே ஆண்டு, ஜெர்மனியின் தென்மேற்கில் தாடிக்கார எபர்ஹார்ட் என்ற பிரபு, ஸ்டுட்கார்ட் நகரத்தார் அவரவர் குப்பையை வாராவாரம் அவரவரே அப்புறப்படுத்த வேண்டும் என்று சட்டம் போட்டார். முன்னவர் கண்ணில் படாமல் தப்பித்த இந்தியர்களின் வாரிசுகள் இருவர், 509 ஆண்டுகள் கழித்து, ஒரு நவம்பர் மாத இருட்டில், பின்னவரின் ஊரில் சூட்கேஸும் பிரஷர் குக்கருமாகப் போய் இறங்கினோம்.

எங்களை அழைத்தவர் சாதாரண ஆள் இல்லை. சான்சலர் ஷ்ரோடர். கணினி ஆட்கள் 20,000 பேர் வேண்டும், ஐந்தாண்டு இருக்கலாம் என்று 2000 ஆகஸ்டில் 'கிரீன் கார்டு' கதவைத் திறந்துவிட்டிருந்தார். எதிர்க்கட்சியில் ருட்கர்ஸ் என்பவருக்கு இது பிடிக்கவில்லை. வெளியிலிருந்து இந்தியர்களைக் கொண்டுவருவதற்குப் பதில் நம் பிள்ளைகளைப் படிக்க வைப்போம் என்ற பொருளில் 'கிண்டர் ஷ்டாட் இண்டர்' என்று எதுகையோடு முழங்கி, கதவு திறக்கும் முன்பே, அந்த ஆண்டு மே மாதத் தேர்தலில் தோற்றும் போனார். 'கிண்டர்' என்றால் பிள்ளைகள். மதுரையில் என் மாமியாரும் ஏறக்குறைய அதே கட்சிதான். "ஜெர்மனியெல்லாம் இருக்கட்டும், முதல்ல ஒரு பிள்ளையைப் பெத்துக் குடு" என்றுதான் வழியனுப்பினார்.

இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, வேலை உண்டு. எனக்கு உடனே வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஆகவே இந்தப் படையெடுப்பின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இவர் எழுதியிருந்தால் எல்லாப் போரிலும் ஜெயித்திருப்போம்.

வாடகை வீட்டுக் கதவைத் திறந்ததும் இவர் முகத்தில் இருந்த பெருமிதம், ஸ்விட்சைப் போட்டதும் போய்விட்டது. விளக்கு இல்லை. கூரையிலிருந்து இரண்டு கம்பிகள் தொங்கின. சமையலறை என்று காட்டப்பட்ட இடத்தில் ஒரு குழாய் மட்டும் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தது. அடுப்பு, தொட்டி, அலமாரி எதுவுமில்லை. அந்த ஊரில் காலி செய்கிறவர்கள் விளக்கையும் கழற்றிக்கொள்வார்கள், சமையலறையையும் பிரித்து லாரியில் ஏற்றிக்கொள்வார்கள். "திருட்டு நடந்திருக்கு, போலீஸுக்குச் சொல்லணும்" என்றார் இவர். நல்லவேளை, போலீஸிடம் சொல்லும் அளவுக்கு ஜெர்மன் தெரியாது.

மூன்றாம் நாள் இரண்டாம் மாடிப் பாட்டி இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். 'ஹால்ப் ஆஹ்ட்' மணிக்கு வரச் சொன்னார். ஹால்ப் என்றால் அரை, ஆஹ்ட் என்றால் எட்டு, ஆக எட்டரை என்று இவர் கணக்குப் போட்டார். மைசூர்பாகுப் பெட்டியும் பட்டுப்புடவையுமாக எட்டரைக்குப் போய் நின்றோம். பாட்டி கதவைத் திறந்தார். ஒன்றும் பேசாமல் கைக்கடிகாரத்தைக் காட்டினார். மேசையில் சூப் ஆடை கட்டியிருந்தது. ஜெர்மானியருக்கு 'அரை எட்டு' என்பது எட்டை நோக்கிப் பாதி வழி வந்த நேரம். அதாவது ஏழரை. ஏழரையை ஏழரை என்று தெரிந்துகொள்ளாததால் எங்களுக்குப் பிடித்தது ஏழரை. அந்தப் பகுதிக்காரர்களான ஸ்வாபியர்கள் ஏழேகாலைக்கூட 'கால் எட்டு' என்பார்கள். எட்டு வராமலேயே எட்டைப் பிடித்துத் தின்கிற ஜனம்.

தயிர் கதை சின்னது. அகராதியைப் பார்த்து 'குவார்க்' என்று ஒரு டப்பா வாங்கி வந்தார் இவர். சோற்றில் பிசைந்தால் கரண்டி நட்டுக்குத்தலாக நின்றது. தாளித்துச் சாப்பிட்டோம். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

இனி பலகைக்கு வருகிறேன்.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் கதவுப்பிடியில் சின்ன மரப்பலகை ஒன்று தொங்கியது. 'கேர்வோஹ' என்று வளைவு வளைவான எழுத்து. இவர் அகராதியோடு உட்கார்ந்தார். 'வோஹ' என்றால் வாரம். 'கேரன்' என்ற வினைக்கு முதலில் போட்டிருந்த பொருள் திரும்புதல். இவர் முகம் மலர்ந்தது. "திருப்பம் தரும் வாரம்! பாத்தியா, இவங்களும் வாரபலன் பாக்குறாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க நமக்குன்னு எழுதித் தொங்க விட்டிருக்காங்க." பலகை உள்ளே வந்தது. அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. குங்குமப் பொட்டு வைத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

திருப்பம் உடனே தெரிந்தது. மாடிப்படியில் யாரும் சிரிப்பதில்லை. முதல் மாடி ஆசாமி வணக்கம் சொல்வதை நிறுத்தினார். ஒருநாள் பாட்டி படிக்கட்டுக் கைப்பிடிமேல் ஆள்காட்டி விரலை ஓட்டி, அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளூர் வழக்கமாக்கும் என்று நானும் என் விரலை நீட்டிக் காட்டினேன்.

உண்மையைச் சொன்னவர் ஈழத் தமிழர் ஒருவர். எண்பதுகளில் வந்தவர், மளிகைக்கடை வைத்திருந்தார். கறிவேப்பிலைக்காகப் போய், பேச்சுவாக்கில் பலகையின் மகிமையை இவர் எடுத்துவிட்டார். கடைக்காரர் புளிப் பாக்கெட்டைக் கீழே வைத்தார்.

"தம்பி, அது சாத்திரமும் இல்லை ஒண்டும் இல்லை. படி கூட்டுற முறை. இந்தக் கிழமை உங்கட முறை."

"எந்தக் கிழமைங்க? வெள்ளிக்கிழமையா?"

"இந்தக் கிழமை எண்டால் இந்தக் கிழமைதான்."

"அதாங்க, எந்தக் கிழமை?"

அவர்கள் ஊரில் கிழமை என்றால் வாரம். இது விளங்குவதற்குள் வரிசையில் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். 'கேரன்' என்பதற்குக் கூட்டுதல் என்றும் ஒரு பொருள் உண்டு. அகராதியில் இரண்டாவதாக இருந்தது. பலகை யார் கதவில் தொங்குகிறதோ அவர்கள் படியைக் கூட்டித் துடைத்துவிட்டு, வாரக்கடைசியில் அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். நாங்கள் இரண்டு வாரமாக அதற்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு கட்டடத்தின் சுத்தமே எங்கள் பூஜை அலமாரியில் முடங்கிக் கிடந்தது. சட்டப்படி பார்த்தால், நகராட்சி 1988-லேயே இந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது. அப்போது மேயர் மான்ஃப்ரெட் ரொம்மல், பாலைவனப் போர்த் தளபதி ரொம்மலின் மகன். ஆனாலும் வாடகை ஒப்பந்தங்கள் விடவில்லை. பாட்டிகள் எந்த ரொம்மலுக்கும் அடங்கியவர்களாகத் தெரியவில்லை.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக மறுநாள் விடியுமுன் எழுந்தேன். மார்கழி வேறு. படியைக் கூட்டினேன், துடைத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மதுரைக்காரி கை நிற்கவில்லை. தெருவாசலில் ஒரு வாளித் தண்ணீர் தெளித்து, அரிசிமாவில் ஆறு புள்ளிக் கோலமும் போட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே மாடியேறினேன். தெர்மாமீட்டரில் மைனஸ் ஏழு.

ஏழரை மணிக்கு, அவர்கள் கணக்கில் அரை எட்டுக்கு, வாசலில் ஒரு கூச்சல் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். என் கோலம் கண்ணாடிக்கு அடியில் வைத்த படம்போல் பனிக்கட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அதன்மேல் பாட்டி, கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு, ஒரு கால் கிழக்கிலும் மறுகால் மேற்கிலுமாக நின்றார். இவர் உப்பைத் தேடி ஓடினார். கையில் கிடைத்தது என் சாம்பார்ப்பொடி. அதையும் தூவினார்.

பாட்டிக்கு அடிபடவில்லை. கீழே குனிந்து மாவைத் தொட்டுப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். எறும்புக்கு என்றேன். இந்தக் குளிரில் எறும்பா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு, இவர் பெயரால் இல்லாமல், என் பெயரைச் சொல்லி முதல்முறையாகக் கூப்பிட்டு, கையில் துடைப்பத்தைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டினார்.

இப்போது சென்னையில் இருக்கிறோம். இவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர். போன மாதக் கூட்டத்தில், வாரம் ஒரு வீடு படிக்கட்டைக் கூட்டுவது என்ற திட்டத்தை எபர்ஹார்ட் பிரபுபோல் அறிவித்து, ஒரு பலகையும் செய்து வந்தார். முன்மாதிரியாக முதல் வாரம் எங்கள் கதவில்தான் மாட்டினார். மாட்டிய கையோடு ஆபீஸ் போன் வந்துவிட்டது என்று மொட்டைமாடிக்குப் போனார். துடைப்பத்தை நானும் எடுக்கவில்லை. குங்குமச் சிமிழைத்தான் எடுத்தேன்.