இருபத்தொரு பேர் கூடினால்

கேள்வி: அரசாங்கம், கம்பெனிக்காரர்கள், பேராசிரியர்கள், சமூக அமைப்புகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நாட்டின் இணையத்தைக் கவனிப்பார்களாம். நடக்கிற காரியமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்துக்குப் போய்வந்த சூட்டில் கேட்கிறீர்கள் போலிருக்கிறது! பிரேசிலில் 1995 முதல் நடக்கிறதே. அங்கே இதற்கென்று உள்ள குழுவில் 21 பேர். அரசுத் தரப்பு 9 பேர்தான். அத்தனை பேரும் சேர்ந்து கை தூக்கினாலும் மெஜாரிட்டி தேறாது. செலவுக்கு? '.பிஆர்' முகவரிகளுக்கு வசூலிக்கும் கட்டணம்.

வெட்டிப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். 2009 வாக்கில் உலகுக்குக் குப்பை மெயில் அனுப்புவதில் பிரேசில் முன்வரிசையில் இருந்தது. வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள், சொந்தக்காரருக்கே தெரியாமல், மெயில் வெளியேறும் வாசலான 25-ஆம் எண் போர்ட் வழியாக அனுப்பித் தள்ளிக்கொண்டிருந்தன. அந்த வழியை அடைத்தால் தீர்ந்தது. ஆனால் யார் அடைப்பது? டெலிபோன் கம்பெனிகளுக்கு, வாடிக்கையாளர் கேஸ் போடுவாரோ என்று பயம். மெயில் சேவைக்காரர்கள் அதற்குமுன் தங்கள் வாடிக்கையாளர்களை 587-ஆம் எண் போர்ட்டுக்கு மாற்றியாக வேண்டும். நுகர்வோர் தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குழு எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி முடிக்க வருஷக்கணக்கானது (கொட்டாவிகள் தனிக் கணக்கு). கடைசியில் போர்ட்டை அடைத்தார்கள். 2013-க்குள் அந்தக் கெட்ட பெயர்ப் பட்டியலில் பிரேசில் மளமளவென்று கீழே இறங்கிவிட்டது.

ஆக, நடக்கும். அவசரக்காரர்கள் மட்டும் அந்தக் கமிட்டியில் சேர வேண்டாம்!