முப்பரிமாணப் பெருமகனாருக்கு ஒரு வாழ்த்துமடல்

அண்டமும் அஞ்சும் பிணக்கூட்டத்தைக் காகிதக் கண்ணாடிக்குள் அடக்கி ஆண்ட கலைப்பேரரசர், மகாமேன்மை பொருந்திய ஜெஃப் பிராட்ஸ்ட்ரீட் அவர்களின் திருச்சமூகத்துக்கு, ஜொகூர் பாருவிலிருந்து ஓர் எளிய ரசிகன் எழுதுவது.

ஐயனே, 1968இல், ஜார்ஜ் ரொமேரோ என்றோர் இளைஞர் பிட்ஸ்பர்க் பக்கத்தில் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ வெளியானது. செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர். படம் கறுப்பு வெள்ளை. இரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. பெயரை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போக, படம் ஊர்ப்பொதுச் சொத்தானது. சாலையோர மாமரத்தில் கல்லெறிந்து இரண்டு காய் பறிப்பது சிறியோர் செயல். 2006இல் அப்படத்தை முப்பரிமாணத்தில் மறுபடி எடுத்து, மரத்தையே சாய்த்து, வெம்பியதைப் பொறுக்கி எங்களுக்கு ஊட்டிய வள்ளன்மை தங்களுக்கே உரியது!

ரொமேரோ எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமா? மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அதே ஆண்டில் வெளியான படத்தில், டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகரை நாயகன் பென் ஆக்கினார். பண்ணைவீட்டு ஜன்னலுக்குப் பலகை அடித்து, துப்பாக்கி ஏந்தி, இரவெல்லாம் பிணங்களோடு போராடிப் பிழைத்த அந்த மனிதனை, விடிந்ததும் வேட்டைக்குழு ஒன்று பிணமென்று சுட்டுத் தள்ளுகிறது. இறைச்சிக் கொக்கியோடு வரும் ஆட்கள், அடுக்கிய விறகு, நெருப்பு. அதையும் செய்தித்தாள் படங்கள்போல அசையாமல் காட்டி எங்கள் தூக்கத்தைக் கெடுத்தார். கருணைக்கடலாகிய தாங்களோ பென்னை வெள்ளைக்கார இளைஞனாக்கி, நெஞ்சில் தைக்கும் முள் ஒன்றுகூட மிஞ்சாமல் துடைத்தெடுத்தீர்கள். எத்தகைய தூய்மை!

ரொமேரோ படத்தில் கூப்பர் என்ற பாத்திரம் அச்சத்தால் நிலவறைக்குள் பதுங்கியவர். தங்கள் கூப்பர் கஞ்சா பயிரிடும் உழவர். போலீசை அழைத்தால் வெள்ளாமை போய்விடுமே என்ற பொறுப்புணர்ச்சி மிக்கவர். பிணம் ஏன் எழுந்தது என்பதையும் ரொமேரோ உறுதியாகச் சொல்லவில்லை. வெள்ளிக் கோளிலிருந்து வந்த கதிர்வீச்சோ என்று தொலைக்காட்சி ஊகிக்கும், அவ்வளவுதான். தெரியாததால் பயந்தோம். தாங்களோ சிட் ஹெய்க் என்னும் தேர்ந்த நடிகரைப் பிணங்களை அடக்கம் செய்பவராக்கி, எரிக்க அஞ்சிச் சடலங்களைச் சேர்த்து வைத்த வரலாற்றைப் பொறுமையாக எடுத்துரைக்க வைத்தீர்கள். அவர் பேசப் பேச என் அச்சம் முழுவதும் நீங்கிற்று. திகில் படத்தில் ரசிகனுக்கு அபயம் அளித்த முதல் இயக்குநர் தாங்களே!

ஆனாலும் தங்கள் காவியத்தின் கோபுரக் கலசம் வேறொன்று. பண்ணைவீட்டார் தொலைக்காட்சியில் எதைப் பார்க்கிறார்கள்? அந்த 1968 படத்தையே! ஒரு கண்ணில் சிவப்பும் மறு கண்ணில் நீலமுமாக, நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்க அமர்ந்திருந்த எனக்கு, அந்தச் சின்னத் திரைக்குள் பழைய கறுப்பு வெள்ளை அசைந்ததும் உடல் சிலிர்த்தது. மூன்று பரிமாணங்களில் வாராத திகில், பெட்டிக்குள் இரண்டே பரிமாணங்களில் வந்தது. தங்கள் கேமரா கடமை தவறாமல் வேறு பக்கம் திரும்ப, சிலிர்ப்பும் சொன்னபடி கேட்டு அடங்கியது. தம் படத்தின் ஆகச் சிறந்த கணங்களை இன்னொருவர் எடுக்க விட்டுக்கொடுத்த இயக்குநர் உலகில் வேறு யார்?

தங்கள் வழி நடக்கும் பேறு எங்கள் மலேசிய இயக்குநர் மாமாட் காலிட்டுக்கு வாய்க்கவில்லை. பாவம், 2007இல் ‘ஸோம்பி கம்போங் பீசாங்’ என்று கம்பத்து மனிதர்களையும் அவர்கள் பேச்சையும் வைத்துச் சொந்தமாகவே ஒன்றைச் சிந்தித்துவிட்டார்.

தங்கள் பாதம் ஜொகூர் மண்ணில் பட வேண்டும். 2014 முதல் எங்கள் இஸ்கந்தர் புத்திரியில் பெரிய படப்பிடிப்பு வளாகமே உண்டு. கதைக்கும் பஞ்சமில்லை: நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக பி. என். ராவ் இயக்கி, மரியா மெனாடோ நடித்து, 1957இல் மலாயாவையே நடுங்க வைத்த ‘பொந்தியானாக்’ இருக்கிறது. அதைத் தாங்களே மறுபடி எடுத்தருள வேண்டும். அதன் படச்சுருள்கள் தொலைந்து நெடுங்காலமாகிவிட்டது. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க எவராலும் முடியாது. தங்கள் மேதைமைக்கு இதைவிடப் பொருத்தமான மூலப்படம் வேறெங்கே கிடைக்கும், ஐயனே?